பாஸ்போர்ட் எங்கே மாட்டிக்கொண்டது? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு, அறிகுறி பார்த்து வைத்தியம்

காட்பாடிப் பக்கம் ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் ஃபார்ம் போடுவதுதான் பாதி வேலை. வளைகுடாவுக்குப் போகிற பேரணாம்பட்டுப் பையன்கள், இங்கிலாந்துக்குக் கிளம்பும் நர்ஸ்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிக்காக இத்தாலி போகிறவர்கள், பேரனைப் பார்க்க அமெரிக்கா போகும் தாத்தா பாட்டிகள் என்று எல்லா வகை கேஸும் பார்த்தாகிவிட்டது. கவுன்ட்டரில் மாட்டுகிறவற்றில் பெரும்பாலானவை அங்கே பிறந்த சிக்கல் இல்லை. வீட்டுப் பீரோவில் இருக்கும் நாலு காகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கும், அதை யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் முதலில் காகிதத்தைச் சரி பண்ணுங்கள், அப்புறம் ஃபார்ம், கடைசியில்தான் அப்பாயின்ட்மென்ட். நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன. முடிவெடுப்பது, அச்சடிப்பது, அனுப்புவது எல்லாம் அங்கேதான். ஆனால் காகிதம் கொடுத்து, கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ள வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. முன்பெல்லாம் இதற்கே விடியற்காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து ஓட வேண்டியிருந்தது.

இனி உங்கள் அறிகுறி எதுவோ அதைத் தேடிப் படியுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டிய அவசியமில்லை. இன்ஷியல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"பணம் கட்டிவிட்டேன், ஆனால் அப்பாயின்ட்மென்ட் வரவே இல்லை"

எவ்வளவு கட்டினீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000. தட்கல் என்றால் அதன்மேல் இன்னொரு 2,000. பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 1,000. புதிதாக எடுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. இந்தக் கணக்கில் வராத தொகை ஏதாவது கட்டியிருந்தால் நீங்கள் போனது அரசு தளமே இல்லை. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் போலித் தளங்கள் நிறைய. அசோகச் சின்னம்கூட வைத்திருப்பார்கள். முகவரி 'பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். முடிவில் 'டாட் காம்', 'டாட் ஆர்க்' என்று வேறு எது இருந்தாலும் மூடிவிட்டு வாருங்கள். மொபைலில் என்றால் எம்பாஸ்போர்ட் சேவா ஆப்.

சரியான தளத்தில்தான் கட்டினீர்கள், ஆனால் தேதி காட்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கட்டிய பணம் ஒரு வருடம் செல்லும். வேலூரில் இடம் குறைவு, அதனால் சீக்கிரம் நிரம்பிவிடும். அவசரம் என்றால் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் என்று சென்னை மையங்களையும் பாருங்கள். அமைந்தகரை மையம் நெல்சன் மாணிக்கம் சாலையில் இருக்கிறது, சென்ட்ரலில் இறங்கிப் போவது பெரிய விஷயமில்லை. கிடைத்த தேதிக்குப் போக முடியாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் அப்பாயின்ட்மென்டிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று முறைதான். ஊரில் கெங்கையம்மன் சிரசு வருகிறது என்று ஒரு தடவை, மச்சான் கல்யாணம் என்று ஒரு தடவை தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

"பெயரில் இன்ஷியல் இருக்கிறது, என்ன போடுவது?"

தமிழ்நாட்டுக்காரனுக்கு என்றே எழுதி வைத்த வியாதி இது. பாஸ்போர்ட் ஃபார்மில் இரண்டு கட்டம்: கொடுத்த பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இருக்கிற ஒரு எழுத்தை அந்தக் கட்டம் ஏற்காது. மு. சுரேஷ் என்றால் 'மு' என்று மட்டும் போட முடியாது, விரித்து முனுசாமி என்று எழுத வேண்டும். இங்கே மூன்று வகையாகத் தவறு நடக்கிறது.

முதல் வகை, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுவது. பாஸ்போர்ட் வந்துவிடும், அதில் தடையில்லை. வலி விசா எடுக்கும்போதுதான் தெரியும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறோம் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் டிக்கெட் போடும் இடத்திலும் ஏர்போர்ட் செக்-இன்னிலும் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்ற அர்த்தத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து விழும். அப்புறம் அங்கே பேங்க் கணக்கு, லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுதான் உங்கள் பெயர். அதனால் அப்பா பெயரையாவது குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

இரண்டாவது வகை, அப்பாவின் பெயரை ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு விதமாக விரிப்பது. ஆதாரில் முனிசாமி, பத்தாவது மார்க் ஷீட்டில் முனுசாமி, பிறப்புச் சான்றில் முனியசாமி. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் மோசம், ஒரே 'சாமி'க்கு நாலு ஸ்பெல்லிங். ஃபார்ம் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கையும் ஒவ்வொரு காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதிப் பாருங்கள். எது தனியாக நிற்கிறதோ அதைத் திருத்துங்கள். பெரும்பாலும் ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம், ஆனால் அதற்கும் அளவு உண்டு: ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதனால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்துகொண்டு அவசரத்தில் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஆங்கில எழுத்துகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள், சேமிப்பதற்கு முன்னால் திரையைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது வகை, கல்யாணமான பெண்கள். பத்தாவது சான்றில் அப்பா இன்ஷியல், ஆதாரில் கணவர் இன்ஷியல். மூத்தவர்கள் யாராவது "புருஷன் பேரைப் போடும்மா, அதுதான் முறை" என்பார்கள். வெளிநாட்டில் படிப்பையோ வேலையையோ பாஸ்போர்ட்டோடு இணைத்துக் காட்டப்போகிற பெண் என்றால், சான்றிதழ்களில் உள்ள அப்பா பெயரிலேயே பாஸ்போர்ட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கணவர் பெயரை அதற்குரிய தனிக் கட்டத்தில் போட்டுக்கொள்ளலாம், அதற்காகக் குடும்பப் பெயரை மாற்ற வேண்டிய அவசியமில்லை. இதைச் சொல்லி ஒரு மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

"பிறந்த தேதி இரண்டு விதமாக இருக்கிறது"

நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆட்களில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் நம் ஊரில் ஏன் இவ்வளவு பேர் என்று யோசித்திருக்கிறீர்களா? பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பண்ணிப் போட்ட தேதி அது. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அந்தக் கதை தெரியும், ஆனால் கவுன்ட்டரில் கதை சொல்ல இடமில்லை. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று மட்டும்தான் தேதி ஆதாரம். அதற்கு முன்னால் பிறந்தவர்கள் டி.சி., பத்தாவது மார்க் ஷீட், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பாலிசி பாண்டு இவற்றில் ஒன்றைக் காட்டலாம். அதாவது பிறப்புச் சான்று கைவசம் இல்லாத பெரியவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, பத்தாவது சான்றையும் ஆதாரையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்தால் போதும். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, இப்போது வேறு தேதி கேட்கிறீர்கள் என்றால்தான் அலுவலகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கும்.

பிறப்புச் சான்றில் குழந்தை பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பதிவு செய்த மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஊராட்சியிலோ போய்ப் பெயர் சேர்க்க வேண்டும். பதிவான ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லை, அதற்கப்புறம் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்ப்பார்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் அது வேறு பாதை, கோட்டாட்சியர் வரை போகும். அதை முடித்துவிட்டு ஃபார்மைத் தொடுங்கள்.

"ஆதாரில் வேலூர் மாவட்டம், இப்போது நாங்கள் ராணிப்பேட்டை"

2019 நவம்பரில் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உண்டாக்கினார்கள். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் பக்கம் ராணிப்பேட்டைக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி பக்கம் திருப்பத்தூருக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம், காட்பாடி வேலூரிலேயே நின்றது. ஆனால் நம் ஆதார் அட்டைகள் பலவும் இன்னும் பழைய வேலூரிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

ஃபார்மில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குக் கீழே காவல் நிலையப் பட்டியல் விரியும். இங்கேதான் கோளாறு. வாணியம்பாடிக்காரர் ஆதாரைப் பார்த்து வேலூர் என்று போட்டால் தன் ஸ்டேஷன் அந்தப் பட்டியலில் இருக்காது, சரி ஏதோ ஒன்று என்று பக்கத்துப் பெயரைத் தட்டிவிடுவார். அப்புறம் விசாரணைக் கோப்பு சம்பந்தமில்லாத ஸ்டேஷனில் போய்த் தூங்கும், இவர் தன் ஊர் ஸ்டேஷனில் போய் "இன்னும் வரலையா சார்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதலில் ஆதாரில் மாவட்டத்தைத் திருத்துங்கள், தபால் நிலைய ஆதார் கவுன்ட்டரிலேயே செய்யலாம். திருத்தியதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய மாவட்டம், இன்றைய ஸ்டேஷன் என்று ஃபார்ம் போடுங்கள். உங்கள் தெரு எந்த ஸ்டேஷன் எல்லை என்று சந்தேகமாக இருந்தால் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

1989-க்கு முன்னால் பிறந்தவர்களின் சான்றுகளில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே இருக்கும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். அந்த மாவட்டம் இப்போது கிடையாது, அதனால் பிறந்த ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதைப் போடுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும்.

"வாடகை வீடு, ஆதாரில் சொந்த ஊர்"

எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், 2018 ஜூனில் அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் ஃபார்மில் எந்த முகவரி எழுதுகிறீர்களோ அங்கேதான் போலீஸ் வரும். விலாசத்துக்கு ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், கேஸ் இணைப்பு ரசீது, கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் இப்படி ஏதாவது காட்டலாம். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும், அது உங்களுக்கு உதவாது. ரேஷன் கார்டை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். வி.ஐ.டி. மாதிரி கல்லூரிகளில் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகள் கல்லூரியில் போனஃபைட் வாங்கி ஹாஸ்டல் முகவரியில் போடலாம், ஆனால் லீவு விட்டு ஊருக்குப் போன நேரத்தில் போலீஸ் வந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். செமஸ்டர் நடுவில் போடுங்கள்.

"கைரேகை விழவே மாட்டேன் என்கிறது"

பீடி சுற்றும் அம்மாக்களுக்கும் தோல் ஷாப்பில் சுண்ணாம்பில் வேலை பார்த்தவர்களுக்கும் வருகிற சிக்கல். விரல் நுனி வழவழ என்று தேய்ந்திருக்கும், கண்ணாடித் தகட்டில் வைத்தால் திரையில் சாம்பல் கறை மாதிரி ஒன்று தெரியும், கோடே இருக்காது. அப்பாயின்ட்மென்டுக்கு முன்னால் ஒரு வாரம் இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, போகிற அன்று காலையில் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் இல்லாமல் துடைத்துக்கொண்டு போங்கள். எண்ணெய்க் கையோடு போனால் இன்னும் மோசம். மருதாணி வைத்துக்கொண்டு போகாதீர்கள், கல்யாண வீடு முடிந்த கையோடு வருகிற பெண்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பையனிடம் "தொழில் இதுப்பா" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பொறுமையாக மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

போட்டோ அங்கேயே எடுத்துவிடுவார்கள், ஸ்டூடியோவில் செலவு பண்ண வேண்டாம். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ கொண்டு போக வேண்டும்.

"குழந்தைக்கு எடுக்கணும், அப்பா சவூதியில் இருக்கிறார்"

மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே கேள்விதான். குழந்தைக்கு இணைப்பு 'டி' என்ற உறுதிமொழியில் அம்மா அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் அந்த உறுதிமொழியைச் சான்று செய்து அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். அங்கிருந்து வருகிற ஊர்க்காரர் யாரிடமாவது ஒரிஜினலைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அப்பா பிரிந்து போய்விட்டார், கையெழுத்துக் கிடைக்காது என்றால் இணைப்பு 'சி'. அதில் அம்மா மட்டும் காரணத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடலாம். பயந்துகொண்டு அவரிடம் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம்.

குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ மட்டும் உள்ளே போனால் போதும். பாட்டி, சித்தி, பெரியப்பா எல்லோரும் வெளியில் உட்கார வேண்டியதுதான்.

"அரசு வேலை, மேலதிகாரி என்.ஓ.சி. தரமாட்டேன் என்கிறார்"

என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், இல்லாமலும் போகலாம். இணைப்பு 'எச்' என்று ஒரு முன்தகவல் கடிதம் இருக்கிறது. நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று நீங்கள் மேலதிகாரிக்குத் தெரியப்படுத்திய கடிதம், அவ்வளவுதான். அதன் நகலைக் கவுன்ட்டரில் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் போலீஸ் விசாரணை முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட் வரும். ஆசிரியர்கள், போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கு இது பெரிய விடுதலை.

"போலீஸ் விசாரணை என்றே நிற்கிறது"

தளத்தில் உங்கள் ஃபைல் நம்பரையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்தால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். விசாரணை தொடங்கியதாகக் காட்டி ரொம்ப நாளாகியும் யாரும் கூப்பிடவில்லை என்றால் நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் பாஸ்போர்ட் பார்க்கும் ஏட்டையா யார் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். ஒரிஜினல்களும் ஒரு செட் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும், அக்கம்பக்கத்தில் உங்களைத் தெரிந்த இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள்.

இந்த விசாரணைக்கு நீங்கள் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. கோப்பு ஒன்றுக்கு மாநிலப் போலீசுக்கு வெளியுறவுத் துறையே பணம் தருகிறது: 21 நாளுக்குள் அறிக்கை போனால் 150 ரூபாய், தாமதமானால் 50. "டீ செலவு" என்று யாராவது இழுத்தால் இதை நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வாருங்கள்.

பாதகமான அறிக்கை போய்விட்டது என்று வந்தால் அதன் காரணம் என்ன என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். வீட்டில் ஆள் இல்லை என்ற அளவில்தான் என்றால் சென்னை அலுவலகத்தில் மறு விசாரணை கேட்கலாம். வழக்கு என்றால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்பதாலேயே பாஸ்போர்ட் கிடைக்காது என்பது தவறு; நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொண்ட பிறகுதான் அது நிலுவை வழக்கு, வெளியுறவுத் துறையே 2019-இல் சுற்றறிக்கையில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது என்றாலும் வழி அடைபடவில்லை. அந்த நீதிமன்றத்திலேயே அனுமதி வாங்கி வந்தால் 1993-ஆம் வருட அறிவிக்கைப்படி பாஸ்போர்ட் தருவார்கள். உத்தரவில் கால அளவு எழுதவில்லை என்றால் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் கிடைக்கும், அதனால் எத்தனை வருடத்துக்கு என்று உத்தரவில் வரும்படி மனுவிலேயே கேட்கச் சொல்லுங்கள். வக்கீல்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒன்று மட்டும்: வழக்கை மறைத்து ஃபார்ம் போடாதீர்கள். தெரிந்தால் பாஸ்போர்ட்டும் போகும், புது வழக்கும் வரும்.

"வந்துவிட்டது, ஆனால் இ.சி.ஆர். என்று இருக்கிறது"

இ.சி.ஆர். என்றால் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற முத்திரை. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கிறீர்கள், ஆனால் ஃபார்மில் சொல்லவில்லை அல்லது மார்க் ஷீட் காட்டவில்லை. சுற்றுலா, உம்ரா, மகள் வீடு என்று போகிறவர்களுக்கு அது தடை இல்லை. வேலை விசாவில் சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் குடிபெயர்வு அனுமதி தேவை. மார்க் ஷீட்டோடு மறுவெளியீட்டுக்குப் போட்டு எடுத்துவிடலாம், கட்டணம் மறுபடி முழுசாக. பத்தாவது படிக்காதவர்கள் வருமான வரி கட்டுகிறவராக இருந்தாலோ ஐம்பது வயது தாண்டியிருந்தாலோ அந்த வழியில் நீக்கலாம்.

நர்ஸ்களுக்கு இதில் ஒரு விதிவிலக்கு. இ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக 2015 முதல் அனுமதி கட்டாயம், ஆள் எடுப்பதும் அரசு அனுமதித்த நிறுவனங்கள் மூலமாகத்தான். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்ட் வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

"போலீஸ் சர்டிபிகேட் கொடுத்தேன், செல்லாது என்கிறார்கள்"

தமிழ்நாடு போலீஸ் தளத்தில் ஆன்லைனில் எடுப்பது உள்ளூர் வேலைக்கும் வாடகைக்கும். வெளிநாட்டுக்குக் கேட்பது பாஸ்போர்ட் அலுவலகம் தருகிற பி.சி.சி., அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட். கட்டணம் 500. 2022 செப்டம்பர் முதல் அஞ்சலக மையங்களிலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் பழைய விலாசம் இருந்தால் இப்போதைய விலாசத்துக்கும் ஆதாரம் எடுத்துப் போங்கள். ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்காதீர்கள், பல நாடுகள் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் கேட்கும்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனும் இதே போல மாட்டும். முதலில் மாநில அரசுத் துறையின் சான்று, அதற்கப்புறம்தான் வெளியுறவுத் துறை. அப்போஸ்டில் என்பது ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் தூதரக முத்திரை கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் சான்று. இந்தியா 2005-இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, அதனால் சவூதி, ஓமன், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கு அப்போஸ்டில் ஒட்டினால் போதும். அமீரகம், குவைத் என்றால் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாமல் ஏஜென்சியில் கொடுத்தால் ஏதோ ஒன்றை ஒட்டிக் கொடுப்பார்கள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான், மீதி எல்லாம் ஏஜென்சியின் கூலி, அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

"தொலைந்துவிட்டது" / "வாஷிங் மெஷினில் போய்விட்டது"

தொலைந்தால் தமிழ்நாடு போலீஸ் தளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம். இணைப்பு 'எஃப்' உறுதிமொழியும் வேண்டும். காலாவதி ஆகாத 36 பக்கப் புத்தகத்துக்கு மாற்று 3,000 ரூபாய். நனைந்ததில் நம்பர், பெயர், போட்டோ தெளிவாக இருந்தால் பாதிச் சேதம் என்ற கணக்கு, அது லேசாக முடியும். எதுவுமே தெரியவில்லை என்றால் தொலைந்ததற்குச் சமம். எப்படி இருந்தாலும் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் கொண்டு போங்கள்.

"அனுப்பிவிட்டதாகக் காட்டுகிறது, கைக்கு வரவில்லை"

ஸ்பீட் போஸ்ட் நம்பரைப் போட்டுப் பாருங்கள். போஸ்ட்மேன் உங்கள் கையில்தான் கொடுப்பார், அடையாள அட்டை கேட்பார். வீடு பூட்டியிருந்தால் கொஞ்ச நாள் தபால் நிலையத்தில் இருக்கும், அதற்கப்புறம் சென்னைக்கே திரும்பிவிடும். உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் ஒரு நடை கேட்டுவிட்டு வந்தால் பாதிப் பேருக்கு அங்கேயே கிடைத்துவிடும். திரும்பிப் போய்விட்டது என்றால் 1800-258-1800 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கைக்கு வந்ததும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் ஸ்பெல்லிங் எல்லாம் எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். 2025 மார்ச் முதல் சென்னை அலுவலகம் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தருகிறது. அட்டையில் சின்னதாக ஒரு சின்னம் இருக்கும், அதை மடக்கவோ பின் அடிக்கவோ கூடாது. சிப் இல்லாத பழைய புத்தகம் இருந்தால் காலாவதி தேதி வரை தாராளமாக ஓட்டலாம், மாற்றச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தப்பு ஏதாவது இருந்தால் விண்ணப்ப நகலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் சரியாகக் கொடுத்து அவர்கள் தப்பாக அச்சடித்திருந்தால் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள். ஃபார்மிலேயே தப்பு என்றால் இன்னொரு 1,500.